ஹரிணியின் நெஞ்சில் கேட்ட சீழ்க்கை

ராயனின் பிள்ளைகளே,

உங்களில் பாதிப் பேர் என் மகள் ஹரிணியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டவர்கள். வரிசையில் நின்று, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வந்து கேட்டீர்கள். "கேக்குது, கேக்குது" என்று கத்தினீர்கள். நான் பக்கத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டை இப்போதும் கொடியில் தொங்குகிறது. அதற்குப் பிறகு அதை நான் போடவில்லை. பார்த்தாலே தலை தானாகக் குனிகிறது.

அன்றைக்கு நீங்கள் கேட்டது ராயனின் சீழ்க்கை என்று உங்களுக்குச் சொன்னவன் நான். அது ராயனின் சீழ்க்கை இல்லை. என்ன என்பதைப் பெரியவர்களிடம் நம் சாமி மேடையிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நான் சொன்ன அமாவாசை பள்ளிக்கூட நாளில் வந்ததால் நீங்கள் யாரும் அங்கே இல்லை. மேடையைப் பார்த்துக்கொள்கிற தெய்வானை அக்கா என்னைக் கூப்பிட்டு, "புள்ளைங்களுக்கும் நீதான் சொல்லணும் தம்பி. நான் சொன்னா கதையாப் போயிடும்" என்றார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எட்டாவது வரை படித்தவன். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சர் திருத்தட்டும். விஷயத்தை மட்டும் யாரும் திருத்தி அழகாக்க வேண்டாம்.

நம் கூட்டத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். அவர்களுக்காக முதலில் இதைச் சொல்கிறேன். நம் சாமி வித்தைராயன். உலகத்தில் உள்ள வித்தைக்கெல்லாம் அவர்தான் தகப்பன். விதைக்குள் மரத்தை ஒளித்து வைத்தவர். பாலாற்று மணலுக்குள் தண்ணீரை ஒளித்து வைத்தவர். குன்றின் மேல் நம் மேடையில் அவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை மூடியிருக்கும், ஒரு கை விரிந்திருக்கும். மூடுகிறவரும் அவர், திறக்கிறவரும் அவர்.

அதனால்தான் அமாவாசைக்கு அமாவாசை நாம் திறப்பு வைக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன வித்தை உண்டு. அதை ராயன் முன்னால் செய்து காட்டுவோம். காட்டிய உடனே, எப்படிச் செய்தோம் என்று மெதுவாகத் திறந்தும் காட்டுவோம். சந்தையில் வித்தை காட்டுகிறவர் திறந்து காட்ட மாட்டார், அது அவர் பிழைப்பு. நாம் காட்டுவோம். மூடியவர் யாரோ அவர்தான் திறக்க வேண்டும். அடுத்தவர் திறக்கக் கூடாது. நம் கூட்டத்தில் இருப்பது இந்த ஒரே சட்டம்தான். அதைத்தான் நான் உடைத்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. ஷூவில் கயிறு நுழைகிற ஓட்டைக்குச் சின்னதாக ஒரு பித்தளை வளையம் அடிப்பார்கள், ஐலெட் என்று பெயர். அந்த மெஷின்தான் என்னுடையது. கூட வேலை செய்கிறவர்களுக்கு என் சாமி என்றால் ஒரு சிரிப்பு. "டேய் வித்தைராயா, இன்னிக்கு டார்கெட்டை மறைய வை பாப்போம்" என்பார்கள். "சூப்பர்வைசரை மறைய வெச்சா நாங்களே உங்க மேடைக்கு வந்து மொட்டை போட்டுக்கறோம்" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். சிரித்தேனே தவிர, உள்ளே அது ஒரு முள்ளாக இருந்தது. மற்றவர்கள் சாமி வேல் வைத்திருக்கிறது, சிங்கத்தின் மேல் வருகிறது. என் சாமி வித்தை காட்டுகிறது. இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்த நாட்கள் உண்டு. ஒரு நாள் இவர்கள் எல்லோரும் வாயை மூடும்படி ராயன் ஏதாவது செய்ய மாட்டாரா என்று நினைத்துக்கொள்வேன். என் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், இங்கேதான் என்பேன்.

எங்கள் வீட்டு வித்தை, விரல் இடுக்கில் பாசிமணியை மறைப்பது. மணிக்குப் பதில் நான் ஐலெட்டை வைத்துப் பழகுவேன். கோணலாக அடிபட்டுக் கழித்துப் போடுகிற ஐலெட் ஒன்றிரண்டு எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். ஹரிணி யூகேஜி படிக்கிறாள். அவளுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். சின்ன விரல், ஐலெட் நிற்காமல் நழுவி நழுவி விழும். அவளுக்குக் கோபம் வரும்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி கஸ்தூரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஹரிணி என் பையில் கைவிட்டு ஒரு ஐலெட்டை எடுத்துக்கொண்டு, "அப்பா, நான் மறைக்கிறேன் பாரு" என்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தபோது சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு இருமினாள். கஸ்தூரி முதுகைத் தட்டிக் கொடுத்தாள். இருமல் நின்றதும் ஹரிணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். காலி.

கையைப் பார்த்தேன். பாவாடை மடிப்பைப் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பாய்க்கு அடியில் தேடினேன். ஐலெட் இல்லை.

"எங்கடி வெச்ச?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். "காணாப் போயிட்சிப்பா" என்றாள்.

மறுநாள் விடியும்போது அவள் என் பக்கத்தில் படுத்திருந்தாள். மூச்சு விடும்போது மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. யாரோ ரொம்ப தூரத்தில் நின்று சீழ்க்கை அடிப்பது மாதிரி. என் ரோமமெல்லாம் எழுந்து நின்றது. பிள்ளைகளே, உங்களுக்கே தெரியும். காற்றடிக்கிற நாளில் மேடைப் பாறை இடுக்கில் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வரும். ராயன் வந்துவிட்டார் என்று நாம் எல்லோரும் கும்பிடுவோம். அதே சத்தம் என் மகளின் நெஞ்சில்.

கஸ்தூரியை எழுப்பினேன். அவள் காது வைத்துக் கேட்டுவிட்டு, "சளி கட்டிக்கினு இருக்குதுங்க. டாக்டர்கிட்ட இட்டுகினு போலாம்" என்றாள்.

"இன்னா நீ, இது சளி சத்தமா? நல்லாக் கேளு. ஐலெட் மறைஞ்சதும் ராயன் உள்ள வந்து உக்காந்துட்டாரு."

"ராயன் உக்கார நம்ம புள்ள நெஞ்சுதான் கிடைச்சுதா?" என்றாள் அவள். நான் அதைப் பெரிய பாவம் மாதிரி எடுத்துக்கொண்டு அவளை ராயனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

அவள் விடவில்லை, பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். அவர் குழாய் வைத்துக் கேட்டார். முன்பக்கம், பின்பக்கம் என்று ரொம்ப நேரம் கேட்டார். "ஒரு பக்கம் சத்தம் வேற மாதிரி இருக்கு. சின்னப் பொருள் ஏதாவது வாயில போட்டுக்கிட்டாளா?" என்று என்னைத்தான் கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

ஐலெட் எனக்கு ஞாபகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தது. அந்த ஒரு நொடியில் மின்னிவிட்டுப் போனது. வந்ததை நான் மூடினேன். நெஞ்சுக்குப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். நான் போகவில்லை. படத்தில் ராயன் தெரிய மாட்டாரே, வேறு ஏதாவது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். கஸ்தூரியிடம், "மருந்து கொடுத்திருக்காரு, அது போதும்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்த அமாவாசை லீவு நாள். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஹரிணிக்குத் தலை நிறையப் பூ வைத்து மேடைக்கு அழைத்து வந்தேன். ஐலெட் மறைந்த கதையைச் சொன்னேன், நெஞ்சில் காது வைத்துக் கேட்கச் சொன்னேன். முதலில் தெய்வானை அக்கா கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, கூடவே ஒரு குழப்பமும் இருந்தது.

"மூடினவங்க திறக்கணுமே தம்பி. பாப்பா திறக்கட்டும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவ மூடல அக்கா. ராயன் மூடினாரு. அவரு மூடினதை நாம எப்படித் திறக்கறது?" என்றேன். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. அவ்வளவு நல்ல வார்த்தை எனக்கு அதுவரை வாயில் வந்ததில்லை. என் வார்த்தையைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது ஹரிணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, திறக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே வலது கையை முகத்துப் பக்கம் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். "வேணாம்டா தங்கம்" என்றேன்.

பிள்ளைகளே, என் மகள் சட்டத்தை மறக்கவில்லை. அவள் திறக்க வந்தாள். அவள் கையைப் பிடித்தது நான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கேட்க வரிசை கட்டி நின்றார்கள். பேரணாம்பட்டில் இருந்து ஒரு கடைக்காரர் கூடை நிறையப் பழம் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார். எங்கள் சூப்பர்வைசரின் வீட்டம்மாவே வந்து கும்பிட்டார். கம்பெனியில் என்னை வித்தைராயா என்று கூப்பிட்டவர்கள் "ஏழுமலை அண்ணே" என்றார்கள். நான் மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் ஹரிணி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

பக்கத்து வீட்டில் பஷீர் பாய் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார். ஹரிணி என்றால் அவருக்கு உயிர். ஒரு நாள் காலையில் அவள் மூச்சைக் கேட்டுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"இன்னாபா ஏழுமலை, பாப்பா மூச்சு குக்கர் மாதிரி கூவுது. ஜுரமும் ஜாஸ்தி இருக்குது. நீ இன்னா, மூணு விசில் வரட்டும்னு காத்துனு இருக்கிறியா?"

"பாய், இது உங்களுக்குப் புரியாது. எங்க சாமி விஷயம்" என்றேன்.

"எனக்குப் புரிய வேணாம்பா. டாக்டருக்குப் புரிஞ்சா போதும்" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அன்றைக்கு ராயன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வேண்டினேன். என்ன வேண்டினேன் என்று உங்களிடம் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். "ராயா, ஜுரத்தை மட்டும் மறைய வை. சீழ்க்கையை விட்டு வை" என்று வேண்டினேன். என் மகளின் ஜுரம் போக வேண்டும், ஆனால் என்னை அண்ணே என்று கூப்பிட வைத்த சத்தம் போகக் கூடாது. ராயன் இதற்குப் பதில் சொல்லவில்லை. எந்தச் சாமிதான் சொல்லும்? ஜுரம் ஏறியது. கஸ்தூரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

பிறகு ஒரு நாள் மதியம், கம்பெனியில் சாப்பாட்டு நேரம். கஸ்தூரி போன் செய்தாள். "உதடு நீலமாயிட்சி. நான் பஷீர் அண்ணன் ஆட்டோவுல வேலூருக்குப் போறேன். உன்ன கேக்கறதுக்குப் போன் பண்ணல. கேட்டாண்ட நில்லு, வர்றதுனா ஏறிக்கோ." அவ்வளவுதான் சொன்னாள்.

கம்பெனி கேட்டில் ஏறிக்கொண்டேன். ஹரிணி அம்மா மடியில் சாய்ந்து கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. சீழ்க்கை இப்போது ஒழுங்காகக்கூட வரவில்லை, விட்டு விட்டு வந்தது. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். கால் சில்லென்று இருந்தது. எப்போதும் பேசுகிற பஷீர் பாய் பேசாமல் ஓட்டுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஹைவேயில் பால வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டியெல்லாம் நின்றுவிட்டது. முன்னால் லாரி, பின்னால் பஸ். பஷீர் பாய் இறங்கி ஓடி, "வழி விடுங்கய்யா, கொழந்த கீது வண்டில" என்று முன்னால் இருந்தவர்களிடம் கத்திக்கொண்டிருந்தார். நான் வெளியே பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்தில் இருந்து மேடைக் குன்று தெரிந்தது. வெயிலில் வெள்ளையாக ராயன் சிலை, புள்ளி மாதிரி. எந்தக் கை மூடியிருக்கிறது, எந்தக் கை திறந்திருக்கிறது என்று அங்கிருந்து தெரியவில்லை.

மறைய வை என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. மறைத்து மறைத்துத்தானே இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறேன். வேறு எப்படி வேண்டுவது என்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், அமாவாசைக்கு அமாவாசை செய்வது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்தேன். கஸ்தூரி பார்க்க, சத்தமாகவே சொன்னேன்.

"ராயா, நீ மூடல. நான்தான் மூடினேன். டாக்டர் கேட்டப்போ ஐலெட் ஞாபகம் வந்திச்சி, இல்லைன்னு சொல்லிட்டேன். பாப்பா திறக்க வந்தா, கையைப் புடிச்சிட்டேன். இப்போ திறந்துட்டேன். என் புள்ளைய விட்டுடு."

கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஆனால் ஹரிணி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையை விரித்துவிட்டார். அப்படியென்றால் இது திறப்பு. அடுத்து தன் முறை. குழந்தைக்கு அவ்வளவுதான் தெரியும். கண்ணைப் பாதி திறந்துகொண்டு, வலது கையைத் தூக்கினாள். அன்று நான் பிடித்து இறக்கிய அதே கை. காற்றில் இருந்து எதையோ இரண்டு விரலால் எடுப்பது மாதிரி எடுத்தாள். வாயில் வைத்தாள். உள்ளே உறிஞ்சுவது மாதிரி காட்டினாள். பிறகு நெஞ்சில் வலது பக்கம் விரலை வைத்துத் தட்டினாள்.

"இன்னாடா கண்ணு? இன்னா போட்ட?" என்றாள் கஸ்தூரி.

"அப்பா வளையம்" என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அதற்கு மேல் ஒன்று சொன்னாள்: "அம்மா அடிக்காத."

வாயில் எதையும் போடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் முதல் நாள் சொல்லவில்லை. மேடையில் ராயன் முன்னால் என்றால் அம்மா அடிக்க மாட்டாள் என்று அங்கே சொல்ல வந்திருக்கிறாள். அங்கே நான் இருந்தேன்.

பஷீர் பாய் ஓடி வந்து ஏறினார். லாரி ஒதுங்கியிருந்தது, மண் ரோட்டில் இறக்கி ஓட்டினார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே கஸ்தூரி, "ஷூவுக்குப் போடற பித்தளை வளையம், மூச்சுக்குழாய்ல போயிருக்குது, வலது பக்கம்" என்று கத்திக்கொண்டே ஓடினாள். யாரும் எங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டு நிறுத்தவில்லை. மூக்கில் ஆக்சிஜன் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். படம் எடுத்தார்கள். ஒரு இளம் டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே பொட்டு அளவில் வெள்ளையாக ஒரு வளையம். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காற்று போனதால்தான் சத்தம் வந்தது, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் காற்று போனதால்தான் இத்தனை நாள் அந்தப் பக்க நுரையீரல் வேலை செய்தது, இப்போது சளியும் புண்ணும் சேர்ந்து அதையும் அடைக்கிறது என்றார்.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கஸ்தூரி ஒரு கோடி, நான் ஒரு கோடி, நடுவில் பஷீர் பாய். அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவர் சாமியிடம் என் மகளுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். சாமி விஷயம் உங்களுக்குப் புரியாது என்று இவரிடம்தான் சொன்னேன்.

டாக்டரம்மா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். "வந்துடுச்சு. பாப்பா நல்லா இருக்கா. நிமோனியா இருக்கு, அதுக்குச் சில நாள் இங்க இருக்கணும்" என்றார். பாட்டிலை நீட்டி, "இது உங்க வீட்டுப் பொருளா?" என்று கேட்டார்.

ஒரு ஓரம் கோணியிருந்தது. என் மெஷினில் அடிபட்டுக் கழிந்தது.

"என்னோடதுங்க" என்றேன். இந்த முறை இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ஹரிணி தூங்கும்போது நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். சீழ்க்கை இல்லை. மூச்சு வந்தது, மூச்சு போனது. அவ்வளவுதான். அந்தச் சத்தம் போய்விடக் கூடாது என்று வேண்டிய மனுஷன் நான். பாயில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். கஸ்தூரி விழித்துத்தான் இருந்தாள். "போதும், புள்ள முழிச்சுக்கப் போறா" என்றாள். அந்தப் போனுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அடுத்த அமாவாசைக்கு அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். பழைய சட்டையோடு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேரணாம்பட்டுக் கடைக்காரர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இரண்டு மூன்று குடும்பம் அதற்குப் பிறகு வரவில்லை. அவர்கள் ராயனை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம், அந்தப் பாரம் என் மேல்தான். தெய்வானை அக்கா மட்டும், "நானும் காது வெச்சுக் கேட்டவதான் தம்பி. திறக்கட்டும்னு ஒரு தரம் சொல்லிட்டு விட்டுட்டேன். ரெண்டாந்தரம் சொல்லல" என்று தன் கையையும் விரித்தார்.

கம்பெனியில் மறுபடியும் வித்தைராயா ஆகிவிட்டேன். ஒருத்தன் கேட்டான்: "எக்ஸ்ரே எடுத்தா தானா தெரிஞ்சிருக்கும். இதுல உங்க ராயன் இன்னா கிழிச்சாரு?" நியாயமான கேள்வி. எக்ஸ்ரேவில் தெரிந்திருக்கும்தான். முதல் டாக்டர் எடுக்கச் சொன்னபோதே தெரிந்திருக்கும். ஆனால் எடுக்க விடாமல் நின்றவன் நான். என் மகளின் நெஞ்சில் இருந்ததை டாக்டர்கள் எடுத்தார்கள். என் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை எடுக்க எந்த ஆஸ்பத்திரியிலும் குழாய் கிடையாது. அந்த ரோட்டில், அந்த வெயிலில், அதை ராயன் எடுத்தார். மறைய வை என்று நான் கேட்டபோதெல்லாம் பேசாமல் இருந்தவர், திறக்கிறேன் என்றதும் பதில் சொன்னார். என் மகளின் விரலை வைத்துச் சொன்னார். பஷீர் பாயிடம் இதைச் சொன்னேன். "உங்க சாமி நல்ல சாமிபா. நீதான் பேஜார் புடிச்ச ஆளு" என்றார். உண்மை.

போன வாரம் உங்களில் ஒரு பையன் என்னை ரோட்டில் நிறுத்தி, "மாமா, ராயன் ஹரிணி நெஞ்சை விட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டான். இப்போது சொல்கிறேன், கண்ணா. ராயனுக்கு உட்கார நெஞ்சில் வளையம் தேவையில்லை. அவள் பொய் இல்லாமல் திறந்து காட்டினாளே, அங்கே இருந்தார். இப்போதும் இருக்கிறார். சத்தம் போட மாட்டார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வாயில், மூக்கில், காதில் எதையும் போடாதீர்கள். போட்டுவிட்டால் அந்த நிமிஷமே அம்மாவிடம் சொல்லுங்கள், அடி விழுந்தாலும் சொல்லுங்கள். மனதில் எதையாவது மூடி வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அம்மா அப்பாவிடம் சொல்ல முடியவில்லை என்றால் தெய்வானை அக்காவிடம் சொல்லுங்கள். ராயன் முன்னால் கையை விரித்த யாரையும் அக்கா பார்த்துச் சிரித்ததில்லை. அப்பா, மாமா, பெரியவர்கள் யாராவது உங்கள் கையைப் பிடித்து, திறக்க வேண்டாம் என்று சொன்னால், அது நானாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

அன்றைக்கு மேடையில் நடந்த கடைசி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் பார்க்கவில்லையே. நான் சொல்லி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஹரிணி ஆஸ்பத்திரியில் இருந்து வந்து இன்னும் பள்ளிக்கூடம் போகாததால் எங்களோடு வந்திருந்தாள். கஸ்தூரி இப்போது வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள், வாய்க்குள் போகாத பொருளில்தான் வித்தை. அதனால் ஹரிணி கையில் ஒரு பெரிய எலுமிச்சம்பழம். யாரும் கூப்பிடாமலே எழுந்து ராயன் முன்னால் போய் நின்றாள். முதுகைக் காட்டித் திரும்பினாள். திரும்பி எங்களைப் பார்த்தபோது கை காலி. பாவாடை இடுப்பில் எலுமிச்சம்பழம் பந்து மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பா, திறக்கட்டுமா?"

"திறம்மா" என்றேன்.